வீணைக்கு ஒரு சவுண்ட்ஃபான்ட்: மிடி ஒலி வங்கியை உருவாக்குவதும் செம்மைப்படுத்துவதும்

மிடி என்பது கணினிக்கும் மின்னணு வாத்தியங்களுக்கும் இசைக் குறிப்பைச் சொல்லும் முறை. மிடி கோப்பில் ஒலி கிடையாது. எந்தச் சேனலில், எந்தக் கீயை, எவ்வளவு வேகமாக அழுத்தி, எப்போது விட்டார்கள் என்ற குறிப்பு மட்டுமே அதில் இருக்கும். ஒரு முழுப் பாட்டே சில பத்து கிலோபைட்டுக்குள் அடங்கிவிடுவது அதனால்தான். அந்தக் குறிப்பைப் படிப்பது வாசிப்பான் என்ற மென்பொருள் அல்லது கருவி; அது எழுப்பும் ஒலி, அதில் ஏற்றியிருக்கும் ஒலி வங்கியிலிருந்து வருகிறது. ஒரே மிடி கோப்பு ஓரிடத்தில் தட்டையாகவும் இன்னோரிடத்தில் உயிரோடும் கேட்பதற்குக் காரணம் வங்கிகளின் வேறுபாடு.

1991-இல் வந்த ஜெனரல் மிடி வரையறை 128 வாத்தியங்களுக்கு எண் கொடுத்தது. அதில் 105 சிதார், 112 ஷெனாய். வீணையும் நாதஸ்வரமும் அந்தப் பட்டியலில் இல்லை. பத்தாவது சேனலுக்கான தாள வாத்தியங்களில் மிருதங்கமும் இல்லை. அதனால் மிடியில் கர்நாடக இசை எழுதும் பலர் வீணைக்குப் பதில் சிதாரைப் போட்டுச் சமாளிக்கிறார்கள். சமாளிக்கத் தேவையில்லை. ஒரு மைக், ஒரு கணினி, பாலிஃபோன் என்ற இலவச மென்பொருள், கொஞ்சம் பொறுமை இருந்தால் வீணைக்குச் சொந்தமாக ஒரு வங்கி செய்யலாம். இங்கே அதையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். வேறு வாத்தியத்துக்கும் வழி இதுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நல்ல மைக்கில் பதிந்த வங்கிகூட உறுத்தலாகக் கேட்பது, பெரும்பாலும் ஒரு சாம்பிள், அதாவது ஒரு சுரத்தின் பதிவு, முடிந்து அடுத்தது தொடங்கும் ஒட்டில்தான். பக்கத்துக் கீக்கு மாறும்போது, மெல்லிய மீட்டிலிருந்து அழுத்தமான மீட்டுக்குப் போகும்போது, லூப் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டு) திரும்பும்போது என்று ஒட்டுகள் பல. வங்கியின் அளவைப் பெருக்குவதற்குச் செலவிடும் நேரத்தை இந்த ஒட்டுகளுக்குக் கொடுத்தால் பலன் பல மடங்கு.

எஸ்எஃப்2 கோப்புக்குள் என்ன இருக்கிறது

ஒலி வங்கிகளில் பரவலாகப் புழங்குவது எஸ்எஃப்2 எனப்படும் சவுண்ட்ஃபான்ட் வடிவம். ஈமு சிஸ்டம்ஸ், கிரியேட்டிவ் என்ற இரு நிறுவனங்கள் சேர்ந்து கொண்டுவந்தது. 1994-இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் ஏடபிள்யூஇ32 என்ற கணினி ஒலி அட்டையோடு சவுண்ட்ஃபான்ட் அறிமுகமானபோது, பயனர் தன் சாம்பிள்களை ஏற்ற அந்த அட்டையில் இருந்த நினைவகம் 512 கிலோபைட். இன்றைக்கு அந்த நெருக்கடி இல்லை. ஆனால் அந்தக் காலத்து விதிகள் சில கோப்பு வடிவத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சாம்பிளுக்கும் பிரீசெட்டுக்கும் வைக்கும் பெயர் 20 எழுத்தைத் தாண்டக் கூடாது என்பது அதில் ஒன்று. பெயரை ஆங்கில எழுத்தில், கீ எண்ணையும் மீட்டின் அழுத்தத்தையும் சேர்த்துச் சுருக்கமாக வையுங்கள். நாற்பது சாம்பிள் சேர்ந்த பிறகு எது எதென்று தேடும் தொல்லை இருக்காது.

கோப்பு மூன்று படிகளில் அடுக்கப்பட்டிருக்கும். அடியில் சாம்பிள்: பதிந்த ஒலி, அதன் மூலக் கீ, லூப் புள்ளிகள். அதன் மேல் இன்ஸ்ட்ரூமென்ட்: எந்த சாம்பிள் எந்தக் கீ வரம்பில், எந்த வெலாசிட்டி (கீயை அழுத்தும் வேகம்) வரம்பில் ஒலிக்க வேண்டும் என்ற பங்கீடு. உச்சியில் பிரீசெட்: மிடி கோப்பு கூப்பிடும் வங்கி எண்ணும் நிரல் எண்ணும் கொண்ட பெயர்ப்பலகை. புதிதாக வருபவர்கள் குழம்பும் இடம், இன்ஸ்ட்ரூமென்டில் கொடுக்கும் மதிப்புக்கும் பிரீசெட்டில் கொடுக்கும் மதிப்புக்கும் உள்ள வித்தியாசம். இன்ஸ்ட்ரூமென்டில் எழுதுவது நேரடி மதிப்பு. பிரீசெட்டில் எழுதுவது அதன் மேல் கூட்டப்படும். ஆகவே எல்லா அமைப்பையும் இன்ஸ்ட்ரூமென்டில் முடித்துவிட்டு, பிரீசெட்டைக் கூடியவரை காலியாக விடுவதே நல்லது.

எண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஜெனரல் மிடி பட்டியல் 1-இல் தொடங்குகிறது; எஸ்எஃப்2 கோப்பு 0-இல் தொடங்குகிறது. சிதாரின் இடத்தில் வீணையை வைக்க விரும்பினால் எடிட்டரில் 104 என்று எழுத வேண்டும். 105 எழுதினால் பாஞ்சோ கேட்கும் மிடி கோப்பில் வீணை வரும். தாள வாத்தியங்களுக்கு வங்கி எண் 128.

எத்தனை சாம்பிள் வேண்டும்

ஒரு சாம்பிளை ஓர் அரைச்சுரம் உயர்த்த வேண்டுமானால் வாசிப்பான் அதைச் சுமார் 6 சதவீதம் வேகமாக ஓட்டுகிறது. மூன்று அரைச்சுரம் ஏற்றினால் 19 சதவீதம். ஒலி மட்டும் ஏறினால் பரவாயில்லை. குடத்தின் அதிர்வு, விரல் கம்பியில் படும் 'டக்', தேயும் நேரம் எல்லாம் சேர்ந்து மாறுகின்றன. அதனால் ஒரு சாம்பிளை இரு பக்கமும் ஓர் அரைச்சுரத்துக்கு மேல் நீட்டாமல் இருப்பது பாதுகாப்பு.

மூன்று கட்டைக்கு, அதாவது ஈ-க்கு, சேர்த்த வீணை என்று வைத்துக்கொள்வோம். நடு சி-யை 60 என்று எண்ணினால் சாரணி எனும் முதல் கம்பியின் திறந்த ஷட்ஜம் கீ 52. ஒரு கம்பியில் 24 மெட்டு (ஃபிரெட்), ஆகவே மேல் எல்லை 76. கீழே அனுமந்தரக் கம்பியின் பஞ்சமம் 35. மொத்த வீச்சு 35 முதல் 76 வரை. 36, 39, 42 என்று மூன்று மூன்றாகப் போய் 75-இல் முடித்தால் 14 சாம்பிள். ஒவ்வொன்றும் தனக்குக் கீழே ஒன்றையும் மேலே ஒன்றையும் பார்த்துக்கொள்ள, வீச்சு முழுவதும் நிரம்பிவிடும். மெல்லிய, நடுத்தர, அழுத்தமான மீட்டு என மூன்று அடுக்கு வைத்தால் 42 சாம்பிள். ஒவ்வொன்றும் 6 விநாடி, மோனோ, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்றால் கோப்பு சுமார் 22 மெகாபைட். கைபேசியும் சிரமமில்லாமல் ஏற்றிக்கொள்ளும் அளவு.

கீயை எழுத்தால் குறிக்காமல் எண்ணால் குறிக்கப் பழகுங்கள். 60-ஐச் சில மென்பொருள்கள் சி4 என்கின்றன; யமஹா மரபில் அது சி3. எழுத்தை நம்பினால் ஒரு முழு ஸ்தாயி பிசகிப்போகும்.

ஒரே சுரம் இரண்டு கம்பிகளில் கிடைக்கும் இடத்தில், வாசிப்பவர் வழக்கமாக எந்தக் கம்பியில் எடுப்பாரோ அதில் பதிய வேண்டும். ஒரு கம்பியிலிருந்து அடுத்ததற்கு நாதம் மாறும் எல்லை வங்கியிலும் அதே கீயில் விழுந்தால் அது குறையாகத் தெரியாது, வீணையின் இயல்பாகவே கேட்கும்.

பதிவு

மின்விசிறியும் ஏசியும் நிற்க வேண்டும். மைக்கைப் பலகைக்கு 30 முதல் 40 சென்டிமீட்டர் தள்ளி, குடத்தை நோக்கி வையுங்கள். 24 பிட்டில், உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் பதியுங்கள். எதிரொலி வேண்டாம். பதிவிலேயே எதிரொலி இருந்தால் சாம்பிளை ஏற்றும்போதும் இறக்கும்போதும் அறையின் அளவே மாறுவதுபோல் கேட்கும். நான்கு சுரம் சேர்ந்து ஒலித்தால் நான்கு எதிரொலி குவியும். எதிரொலியை வாசிப்பான் பின்னால் சேர்த்துக்கொள்ளட்டும்.

வீணைக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. சாரணியை மீட்டும்போது மற்றக் கம்பிகளும் மூன்று தாளக் கம்பிகளும் கூடவே ஒலிக்கும். நேரில் அது அழகு. சாம்பிளில் அது வினை. 57-ஆம் கீயில் பதிந்ததை 58-இல் வாசித்தால் பின்னால் ஒலிக்கும் தாளக் கம்பியின் ஷட்ஜமும் ஓர் அரைச்சுரம் ஏறிவிடும். அடுத்த கீயில் வேறு சாம்பிள், அதில் ஷட்ஜம் ஓர் அரைச்சுரம் இறங்கியிருக்கும். ஒரு ஆரோகணம் போட்டால் சுருதி தடுமாறுவது தெளிவாகக் கேட்கும். ஆகவே மீட்டாத கம்பிகளுக்கு அடியில் மெல்லிய துணியையோ ஃபெல்ட்டையோ செருகி அடக்கிவிட்டுப் பதியுங்கள். தாளக் கம்பிகளைத் தனியாகப் பதிந்து, தனிப் பிரீசெட்டாக வைத்து, வேறு சேனலில் வாசிப்பது சரியான வழி.

ஒவ்வொரு சுரத்தையும் ஒவ்வொரு அழுத்தத்திலும் நான்கைந்து முறை மீட்டி, ஒலி முழுதாக அடங்கும்வரை விட்டு, பிறகு நல்லதைத் தேர்ந்தெடுங்கள். இடையில் ஒரே ஒரு முறைகூட மைக்கையோ ஒலியளவையோ தொடாதீர்கள்.

வெட்டுவதும் சுருதி சேர்ப்பதும்

தொடக்கத்தில் மீட்டுக்கு முன்னால் இருக்கும் வெற்றிடத்தை ஒரு மில்லிவிநாடி மட்டும் மிஞ்சும்படி வெட்டிவிடுங்கள். ஒரு சாம்பிளில் 2, இன்னொன்றில் 20 மில்லிவிநாடி என்று விட்டால், துரித காலத்தில் சில சுரங்கள் தாளத்தைவிட்டுப் பின்தங்கும். கேட்பவர் மிடி கோப்பில் பிழை என்று நினைப்பார்.

சுருதியை மீட்டிய கணத்தில் அளக்கக் கூடாது. அழுத்தி மீட்டினால் கம்பி இழுபட்டு முதலில் சற்று ஏறியே ஒலிக்கும். பிறகு இறங்கி நிலைக்கும். அரை விநாடிக்கும் ஒரு விநாடிக்கும் இடைப்பட்ட பகுதியை அளந்து, எத்தனை சென்ட் பிசகு என்று பார்த்து, சாம்பிளின் திருத்த மதிப்பில் எழுதுங்கள். ஓர் அரைச்சுரம் 100 சென்ட். வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிந்தவை. அங்கங்கே சில சென்ட் விலகியிருப்பது இயல்பு. வங்கிக்குள் எல்லாவற்றையும் சம இடைவெளிச் சுருதிக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அந்தர காந்தாரம் சற்று இறங்கி, 400-க்குப் பதில் 386 சென்டில் நிற்க வேண்டும் என்றால் அதை மிடி கோப்பில் பிட்ச் பெண்டால் (சுருதியை ஏற்றி இறக்கும் மிடி கட்டளை) செய்யலாம். வங்கியிலேயே வைத்தால், வேறு கட்டைக்கு மாற்றிய உடன் அந்த விலகல் தவறான சுரத்தில் போய் உட்காரும்.

ஒலியளவு விஷயத்தில் அடிக்கடி நடக்கும் தவறு, ஒவ்வொரு சாம்பிளையும் தனித்தனியே உச்சத்துக்கு நார்மலைஸ் செய்வது, அதாவது எல்லாவற்றின் உச்சமும் ஒரே அளவுக்கு வரும்படி ஏற்றுவது. மீட்டின் 'டக்' ஒன்றில் கூர்மையாகவும் மற்றொன்றில் மழுங்கலாகவும் இருக்கும். உச்சம் ஒன்றானாலும் காதுக்கு ஒலியளவு ஒன்றாகாது. கூடவே மெல்லிய சாம்பிளின் பின்னணி இரைச்சலும் ஏறிவிடும். ஓர் அடுக்கு முழுவதற்கும் ஒரே அளவு ஏற்றத்தைக் கொடுத்து, பிறகு துருத்திக்கொண்டு நிற்கும் ஒன்றிரண்டை மட்டும் காதால் சரிசெய்யுங்கள்.

வெலாசிட்டி அடுக்கு

மூன்று அடுக்குக்கு 1–55, 56–95, 96–127 என்று பிரிக்கலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. நீங்கள் எதுவும் செய்யாமலேயே எஸ்எஃப்2 வாசிப்பான் வெலாசிட்டிக்கு ஏற்ப ஒலியைக் குறைக்கும். 127-க்குக் குறைப்பு இல்லை. 64-க்குச் சுமார் 12 டெசிபெல். 55-க்குச் சுமார் 14.5. மெல்லிய மீட்டு ஏற்கெனவே மெல்லியதாகப் பதிவாகியிருக்க, வாசிப்பானும் அதை இன்னொரு முறை குறைத்தால், 55-ஆம் வெலாசிட்டியில் வீணை காணாமல் போய்விட்டு 56-இல் திடீரென்று முளைக்கும். தீர்வு எளிது: மூன்று அடுக்கின் சாம்பிள்களையும் ஏறக்குறைய ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவாருங்கள். அடுக்குகளுக்குள் மாற வேண்டியது நாதத்தின் குணம் மட்டுமே. ஒலியளவை வாசிப்பானின் வளைவு பார்த்துக்கொள்ளும்.

லூப்

லூப் என்பது சாம்பிளின் ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டி ஒலியை நீட்டுவது. வீணை போன்ற மீட்டு வாத்தியத்துக்கு இது கட்டாயமில்லை. முழுச் சாம்பிளையும் தேயும்வரை வைத்துவிடலாம். ஆனால் மந்தர ஸ்தாயியில் ஒலி மிக நீளமாகப் போகும். அங்கே லூப் இடத்தை மிச்சப்படுத்தும்.

லூப் எங்கே தவறுகிறது என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். 440 ஹெர்ட்ஸ் சுரத்தை 44,100 வீதத்தில் பதிந்தால் ஓர் அலைக்கு 100.227 புள்ளி. லூப் புள்ளிகளோ முழு எண்ணாக இருக்க வேண்டும். ஓர் அலையை மட்டும் எடுத்து 100 புள்ளிக்கு லூப் போட்டால் ஒலி 441 ஹெர்ட்ஸ் ஆகிறது, அதாவது ஏறக்குறைய 4 சென்ட் ஏற்றம். மீட்டும்போது சரியாக இருந்த சுருதி லூப்புக்குள் நுழைந்ததும் நழுவும். அதையே 22 அலையாக எடுத்தால் சரியாக 2,205 புள்ளி, பிசகே இல்லை. மேல் ஸ்தாயியில் அலைக்கு இருக்கும் புள்ளிகள் குறைந்துகொண்டே போவதால் குறுகிய லூப்பின் பிசகு அங்கே இன்னும் பெரிதாகும். நீளமான லூப்புக்கு இன்னொரு நன்மையும் உண்டு: ஒரே அலை திரும்பினால் வரும் ஆர்கன் போன்ற உயிரற்ற ஒலி வராது.

வீணையின் குதிரைத் தகட்டில் கம்பி உரசி எழும் ரீங்காரம் முதல் சில விநாடிகளில் ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும். அந்தப் பகுதியில் லூப் போட்டால் ரீங்காரம் அப்படியே உறைந்துவிடும். நான்கு விநாடிக்குப் பிறகு, நாதம் அடங்கி மிருதுவான பகுதியில் லூப்பை வையுங்கள். தொடக்கமும் முடிவும் அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில், ஒரே திசையில் கடக்கும்படி இருக்கட்டும். அப்படியும் 'டிக்' கேட்டால் இரு முனைகளையும் ஒன்றில் ஒன்று கரைக்கும் கிராஸ்ஃபேட் போடுங்கள். எஸ்எஃப்2 விதிப்படி லூப் 32 புள்ளிக்குக் குறையக் கூடாது. லூப் எல்லைகளின் இரு பக்கமும் குறைந்தது 8 புள்ளி ஒலி இருக்க வேண்டும். லூப் முடிந்த அடுத்த புள்ளியிலேயே சாம்பிளை வெட்டிவிட்டால் சில வாசிப்பான்களில் கரகரப்பு வரும்.

லூப்புக்குள் ஒலி தேயாது. அதைத் தேய வைப்பது ஒலி உறை: ஒலியளவு எழும் நேரம் (அட்டாக்), நிற்கும் நேரம் (ஹோல்ட்), இறங்கும் நேரம் (டீகே), இறங்கி நிற்கும் அளவு (சஸ்டெயின்), கீயை விட்டபின் மறையும் நேரம் (ரிலீஸ்) ஆகியவற்றின் அமைப்பு. சாம்பிள் தானாகவே தேயும் முதல் நான்கு விநாடிக்கு உறையை ஹோல்டில் நிறுத்தி, பிறகு டீகேயைத் தொடங்க வேண்டும். இங்கே கணக்கு பலரைத் தடுமாற வைக்கிறது. எஸ்எஃப்2-இல் டீகே நேரம் என்பது 100 டெசிபெல் இறங்க எடுக்கும் நேரம். உங்கள் வீணை நான்காம் விநாடியில் விநாடிக்கு 6 டெசிபெல் வீதம் தேய்கிறது என்றால், 100-ஐ 6-ஆல் வகுத்து 16.7 விநாடி என்று எழுத வேண்டும். சஸ்டெயினை முழுக்குறைப்பில் வையுங்கள். இந்த வீதம் சாம்பிளின் இயல்பான தேய்வோடு பொருந்தவில்லை என்றால், லூப் தொடங்கும் இடத்தில் ஒலி நிலைகுத்தி நிற்பதுபோலோ திடீரென்று சரிவதுபோலோ கேட்கும். ரிலீஸ் நேரத்துக்கும் இதே கணக்குதான்; 1 விநாடி என்று எழுதினால் காதுக்கு அதைவிட வெகு சீக்கிரம் ஒலி மறைந்துவிடும்.

பழைய எடிட்டர்களில் நேரம் டைம்சென்ட் என்ற அலகில் இருக்கும்: 0 என்றால் 1 விநாடி, 1200 கூடினால் இரட்டிப்பு. 2400 என்றால் 4 விநாடி. பாலிஃபோன் விநாடியிலேயே காட்டும்.

கமகம்

கம்பியை இழுத்து வாசிப்பதை மிடியில் பிட்ச் பெண்ட் தருகிறது. அதன் வழக்கமான வீச்சு இரண்டு அரைச்சுரம். வீணையின் இழுப்புக்கு அது போதாது. பாட்டின் தொடக்கத்தில் கன்ட்ரோலர் (அமைப்பை மாற்றும் மிடி கட்டளை) 101-க்கு 0, 100-க்கு 0, 6-க்கு 7 என்று அனுப்பினால் வீச்சு ஏழு அரைச்சுரமாகும். முடித்ததும் 101, 100 இரண்டுக்கும் 127 அனுப்பிப் பூட்டிவிடுங்கள். பிட்ச் பெண்ட் சேனல் முழுவதையும் இழுக்கும். தாளக் கம்பிகளை வேறு சேனலில் வைக்கச் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

மாடுலேஷன் வீலைக் கமகத்துக்கு நம்ப வேண்டாம். அது ஒரே வேகத்தில், ஒரே அகலத்தில் ஆட்டும் அசைவு. எதுவும் மாற்றாவிட்டால் விநாடிக்கு 8 முறைக்கு மேல் ஆடும். காம்போதியின் நிஷாதத்துக்கும் தோடியின் காந்தாரத்துக்கும் அசைவின் வடிவமே வேறு. அதைக் கையால் வரையத்தான் வேண்டும்.

மெட்டிலிருந்து மெட்டுக்கு மீட்டாமல் நகரும் ஜாருக்கு ஒரு நல்ல உபாயம் உண்டு. அதே சாம்பிள்களைக் கொண்டு இரண்டாவது இன்ஸ்ட்ரூமென்ட் ஒன்று செய்து, சாம்பிள் தொடக்கத்தை 3,528 புள்ளி, அதாவது 80 மில்லிவிநாடி, தள்ளிவைத்து, அட்டாக்கை 15 மில்லிவிநாடியாக்குங்கள். மீட்டின் 'டக்' இல்லாத சுரம் கிடைக்கும். சாம்பிள்களைப் பகிர்ந்துகொள்வதால் கோப்பின் அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

மிருதங்கத்தைச் சேர்ப்பவர்களுக்கு ஒரு சொல்: எஸ்எஃப்2-இல் ஒரே கீக்கு மாறி மாறி வேறு சாம்பிள் ஒலிக்கும் வசதி இல்லை. ஒரே 'நம்' அடி ஐம்பது முறை அச்சடித்ததுபோல் கேட்பதைத் தவிர்க்க, இரண்டு மூன்று 'நம்'களை அடுத்தடுத்த கீகளில் வைத்து மாற்றி மாற்றி எழுதுங்கள். இந்த வசதி கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு எஸ்எஃப்இசட் வடிவம் பொருந்தும். அது வெறும் உரைக் கோப்பு, சாம்பிள்கள் தனியே இருக்கும். நீண்டு ஒலிக்கும் அடியை அடுத்த மூடிய அடி நிறுத்த வேண்டும் என்றால் இரண்டுக்கும் ஒரே எக்ஸ்குளூசிவ் கிளாஸ் எண் கொடுங்கள்.

சோதனை

பாட்டை ஓட்டிச் சோதித்தால் ஒட்டுகள் தெரியாது. இதற்கென்றே இரண்டு மிடி கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, 35 முதல் 76 வரை எல்லாக் கீயும் ஒரே வெலாசிட்டியில், கீக்கு அரை விநாடி. மூன்று கீக்கு ஒரு முறை சாம்பிள் மாறுகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்கும்போது அந்த மாற்றம் எங்கே என்று உங்களால் சொல்ல முடிந்தால் அங்கே வேலை பாக்கி இருக்கிறது. இரண்டாவது, ஒரே கீயில் வெலாசிட்டி 1 முதல் 127 வரை ஏற்றம். 56-இலும் 96-இலும் படி தெரிகிறதா என்று பாருங்கள். ஓர் எல்லையில் தெரிந்தால் முதலில் ஒலியளவைச் சரிசெய்யுங்கள். ஒலியளவு பொருந்தியும் நாதம் தாவினால், கீழ் அடுக்குக்கு இன்னும் சற்று அழுத்தமான மீட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

பிறகு குறைந்தது இரண்டு வாசிப்பான்களில் ஓட்டிப் பாருங்கள். ஒலிக்குறைப்பு அமைப்பை எல்லாரும் ஒன்றுபோல் எடுத்துக்கொள்வதில்லை. பழைய ஈமு சில்லில் 10 டெசிபெல் என்று எழுதினால் 4 தான் குறைந்தது. ஃப்ளூயிட்சிந்த் என்ற வாசிப்பு மென்பொருளும் அதையே பின்பற்றுகிறது. வேறு சில மென்பொருள்கள் முழு 10-ஐயும் குறைக்கும். மெல்லிய வெலாசிட்டியில் ஒலியை மழுக்கும் வடிகட்டியும் வாசிப்பானுக்கு வாசிப்பான் மாறுபடும். எனவே சாம்பிள்களுக்கு இடையிலான ஒலியளவு வித்தியாசத்தைக் குறைப்பு அமைப்பில் சரிக்கட்டாமல், அலைக்கோப்பிலேயே சரிசெய்துவிட்டு ஏற்றுங்கள். மூலமான 24 பிட் பதிவுகளைத் தனியே பத்திரப்படுத்துங்கள். திருத்தம் எதுவானாலும் அதிலிருந்தே தொடங்கி, 16 பிட்டுக்கு மாற்றுவதைக் கடைசியில் ஒரே முறை செய்யுங்கள். வங்கியைப் பிறருக்குக் கொடுப்பதாக இருந்தால் கோப்பின் தகவல் பகுதியில் உரிமக் குறிப்பை எழுதிவிடுங்கள். வேறு வங்கியிலிருந்தோ கீபோர்டிலிருந்தோ எடுத்த சாம்பிள் ஒன்றுகூட அதில் கலந்திருக்கக் கூடாது.